மூன்றாம் வகுப்பு மெடிக்கல், பேசிக்மெட், ஓட்டுநர் உரிமம்: எதை முதலில் தொடுவது?

திசைமானி:
பிரைவேட் பைலட் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கான மெடிக்கல் பதில்கள் இங்கே துண்டுதுண்டாகக் கிடக்கின்றன. ஒரே இழையில் சேர்த்துவிடலாம். கேள்விகள் மூன்று. மூன்றாம் வகுப்பு மெடிக்கல் (அங்கீகாரம் பெற்ற விமானத்துறை மருத்துவர் தரும் உடற்தகுதிச் சான்றிதழ்), பேசிக்மெட் (சாதாரண மருத்துவர் பரிசோதனையும் ஆன்லைன் பாடமும் கொண்ட மாற்று வழி), வெறும் ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றில் யார் எதை வைத்துப் பறக்கலாம்? எதை முதலில் செய்ய வேண்டும்? ஆட்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்? பேச்சு அமெரிக்க விதிகளுக்குள், அதாவது அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ-யின் எல்லைக்குள் இருக்கட்டும்.

ஓடுபாதை27:
முதல் கேள்விக்கு என் பதில். பிரைவேட் பைலட், ரிக்ரியேஷனல் பைலட் உரிமங்கள் இரண்டுக்கும் மூன்றாம் வகுப்பு மெடிக்கலோ பேசிக்மெட்டோ வேண்டும். பயிற்சி ஆசிரியர் பக்கத்தில் இருக்கும் வரை மாணவருக்கு அது தேவையில்லை. தனியாகப் பறக்கும் நாளுக்கு முன் கையில் இருந்தாக வேண்டும்.

சிறிய, எளிய விமானங்களுக்கான உரிமம் பெற்ற ஸ்போர்ட் பைலட்டுக்குச் செல்லுபடியாகும் அமெரிக்க ஓட்டுநர் உரிமம் போதும். பொழுதுபோக்காக கிளைடர், பலூன் ஓட்டுகிறவர்களுக்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

ஸ்போர்ட் வழியை முன்பு பலர் பொருட்படுத்தவில்லை, ஏனென்றால் அதில் ஓட்ட முடிந்த விமானங்கள் குறைவு. 2025 அக்டோபர் 22 முதல் நிலைமை மாறிவிட்டது. பழைய எடை வரம்பு போய் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது என்ற வேகம், அளவுகோலாகிவிட்டது: இறக்கையின் பின் மடலான ஃபிளாப்பை இறக்காத நிலையில் 59 நாட் வரை. செஸ்னா 150, 152 எல்லாம் தாராளமாக அடங்கும். நான்கு இருக்கை விமானமும் ஓட்டலாம், ஆனால் ஏற்றுவது ஒரே ஒரு பயணியைத்தான். இரவில் பறக்க வேண்டுமானால் தனிப் பயிற்சியும் ஆசிரியரின் ஒப்பமும் வேண்டும், கூடவே பேசிக்மெட்டோ மெடிக்கலோ இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் பகலுக்கு மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீலவான்:
செல்லுபடிக் கணக்கையும் சேர்த்துவிடுகிறேன், நிறையப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள்.

மூன்றாம் வகுப்பு: பரிசோதனை நாளன்று 40 வயது நிரம்பாவிட்டால் 60 மாதம், நிரம்பியிருந்தால் 24 மாதம். எண்ணிக்கை மாதக் கடைசி நாளில் முடியும். 2025 மார்ச் 10 அன்று 39 வயதுக்காரர் பரிசோதித்துக்கொண்டால் 2030 மார்ச் 31 வரை. அடுத்த வாரமே அவருக்கு 40 ஆனாலும் அந்த 60 மாதம் குறையாது. ஆகவே நாற்பதாவது பிறந்தநாளை நெருங்குகிறவர்கள் அதற்கு முன்பே போய்விட்டு வருவது மூன்று வருட லாபம்.

பேசிக்மெட்டில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. மருத்துவர் பரிசோதனை 48 மாதம், நாள் கணக்கு. ஆன்லைன் பாடம் 24 மாதம், மாதக் கடைசிக் கணக்கு. அதே 2025 மார்ச் 10-இல் பரிசோதனை, 12-இல் பாடம் முடித்தார் என்றால் பாடம் 2027 மார்ச் 31 வரை தாங்கும். பரிசோதனையோ 2029 மார்ச் 10-ஓடு சரி, அந்த மாதக் கடைசி வரை இழுக்காது. இரண்டில் எது முதலில் முடிகிறதோ அன்றோடு நிற்க வேண்டியதுதான்.

இரட்டைமேகம்:
இரண்டாவது கேள்விதான் உயிரான கேள்வி. எதைச் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், எந்த வரிசையில் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

மூன்றாம் வகுப்புக்கு நடைமுறை இது. மெட்எக்ஸ்பிரஸ் தளத்தில் 8500-8 படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும், கட்டணம் இல்லை. ஓர் உறுதி எண் வரும். எஃப்ஏஏ அங்கீகரித்த மருத்துவரிடம், நாம் ஏஎம்இ என்று சொல்கிறவரிடம், அந்த எண்ணைக் கொடுக்கிறோம். அவர் தன் கணினியில் அதை இழுத்த நொடியில் அது சட்டப்படி விண்ணப்பம். அதுவரை அது வெறும் வரைவு. 60 நாளுக்குள் எந்த ஏஎம்இ-யும் எடுக்காவிட்டால் தானாக அழிந்துவிடும்.

இழுத்த பிறகு முடிவு மூன்றில் ஒன்றுதான்: சான்றிதழ் வழங்குவார், முடிவை ஒக்லஹோமா நகரத்திலுள்ள எஃப்ஏஏ மருத்துவப் பிரிவுக்கு விட்டு ஒத்திவைப்பார், அல்லது மறுப்பார். “இன்றைக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது, இன்னொரு மாதம் கழித்து வருகிறேன்” என்று எழுந்து போக வழி கிடையாது.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? பேசிக்மெட்டுக்கும் சரி, ஸ்போர்ட் பைலட்டின் ஓட்டுநர் உரிம வழிக்கும் சரி, ஒரு பொது நிபந்தனை இருக்கிறது. கடைசியாகச் செய்த மெடிக்கல் விண்ணப்பம் மறுக்கப்பட்டிருக்கக்கூடாது. கடைசிச் சான்றிதழ் இடைநிறுத்தமோ ரத்தோ ஆகியிருக்கக்கூடாது. சிறப்பு அனுமதி (தகுதி இழக்கச் செய்யும் வியாதி இருந்தும் எஃப்ஏஏ காலவரம்போடு தருவது) வாங்கியிருந்தால் அது திரும்பப் பெறப்பட்டிருக்கக்கூடாது. மெடிக்கலே கேட்காதவருக்கு ஸ்போர்ட் வழி திறந்திருக்கும். கேட்டு மறுக்கப்பட்டவருக்கு அதுவும் அடைபடும். ஒரே உடம்பு, ஒரே நோய், ஆனால் படிவம் போட்டவர் தரையில் நிற்கிறார், போடாதவர் பறக்கிறார்.

இதையும் கவனியுங்கள்: சான்றிதழோ சிறப்பு அனுமதியோ காலம் முடிந்து காலாவதியானால் அது ரத்து ஆகாது, திரும்பப் பெற்றதாகவும் ஆகாது. காலாவதி என்பது சுத்தமான நிலை.

அதனால் வரிசை இப்படி:

சந்தேகத்துக்கு இடமான எந்த வியாதியும் மருந்தும் இருந்தால், உறுதி எண் கொடுக்காமல், முதலில் ஏஎம்இ-யிடம் வெறும் ஆலோசனைக்குப் போங்கள். “இது ஆலோசனை மட்டும், பரிசோதனை அல்ல” என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கும் காகிதங்களை எல்லாம் சேர்த்து, அவரே “இப்போது வாருங்கள்” என்று சொன்ன பிறகு எண்ணைக் கொடுங்கள். ஆலோசனைக் கட்டணம் தனியாக ஆகும். எஃப்ஏஏ கட்டணம் எதையும் நிர்ணயிக்கவில்லை, ஒவ்வொரு ஏஎம்இ-யும் தானே வைக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

கிழக்குக்காற்று:
ஒத்திவைப்பு என்றால் மறுப்பு அல்ல, இல்லையா? அப்படியானால் ஏன் பயப்பட வேண்டும்?

இரட்டைமேகம்:
மறுப்பு அல்ல, உண்மை. ஆனால் ஒத்திவைத்த பிறகு எஃப்ஏஏ-யிலிருந்து கடிதம் வரும்: இன்ன இன்ன அறிக்கைகள் வேண்டும், இத்தனை நாளுக்குள் வேண்டும் என்று. பதில் போகாவிட்டால் “கேட்ட தகவல் தரவில்லை” என்ற காரணத்திலேயே மறுப்பு வந்துவிடும். செலவுக்கு அஞ்சியோ அலுத்துப்போயோ அந்தக் கடிதத்தை மேசையில் போட்டு வைப்பவர்கள் இப்படித்தான் தெரியாமலே மறுப்புப் பட்டியலில் சேர்கிறார்கள். ஏஎம்இ நேரடியாக மறுத்தால் 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், தேதியைத் தவற விடாதீர்கள்.

நீலவான்:
பரிசோதனை அறையில் என்ன பார்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிடலாம். மூன்றாம் வகுப்பில் கடினமானது அதிகம் இல்லை.

பார்வை: தூரம் 20/40, கிட்டப்பார்வை 16 அங்குலத்தில் 20/40, ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக. கண்ணாடியோடு எட்டினால் போதும். சான்றிதழில் “கண்ணாடி அணிய வேண்டும்” என்று அச்சாகும். ஒரு கண்ணுக்குத் தூரம், மறு கண்ணுக்குக் கிட்டம் என்று போடும் காண்டாக்ட் லென்ஸ் செல்லாது. அதைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

காது: ஆறடி தூரத்தில், மருத்துவருக்கு முதுகைக் காட்டி நின்று, சாதாரணப் பேச்சு கேட்க வேண்டும். ரத்த அழுத்தம் 155/95-க்கு மேல் போகக்கூடாது. சிறுநீரில் சர்க்கரையும் புரதமும். ஈசிஜி மூன்றாம் வகுப்புக்குக் கிடையாது, அது முதல் வகுப்புக்காரர்கள் கவலை.

அழுத்தம் அன்று மட்டும் எகிறினால் பதற வேண்டாம். பரிசோதனையை அனுப்ப ஏஎம்இ-க்கு 14 நாள் இருக்கிறது, அதற்குள் மறுபடி வரச்சொல்லி அளக்கலாம். காபியும் மூக்கடைப்பு மருந்தும் அழுத்தத்தை ஏற்றும். அன்று காலை இரண்டையும் தொடாமல் போங்கள்.

நிறப் பார்வையில்தான் பெரிய மாற்றம். 2025 ஜனவரி 1 முதல் புதிதாக வருகிறவர்களுக்குப் பழைய புள்ளிப் புத்தகம் எடுபடாது, கணினிச் சோதனைதான். அங்கீகாரம் பெற்றவை மூன்று: சிட்டி சோதனை, ராபின் கூம்புச் சோதனை, வாகனர் சோதனை. எல்லா ஏஎம்இ-யிடமும் கருவி இருக்காது, நேரம் வாங்கும்போதே கேளுங்கள். நிறக்குறைபாடு இருக்குமோ என்று ஐயமுள்ளவர் முதலில் கண் மருத்துவர் ஒருவரிடம் தனியாகச் செய்து பார்த்துவிட்டு, பிறகு ஏஎம்இ-யிடம் போவது நல்லது. தேறாவிட்டால் மெடிக்கலே கிடைக்காது என்றில்லை. பகலில், கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிகளுக்குள் மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு வரும்.

ஓடுபாதை27:
படிவத்தில் ஆட்கள் சறுக்கும் மூன்று கட்டங்கள்: 17, 18, 19.

17-இல் இப்போது எடுக்கும் மருந்துகள். மருந்துச் சீட்டில்லாமல் கடையில் வாங்குவதும் சேர்த்தி. 18 கேட்பது “வாழ்நாளில் எப்போதாவது” என்று. எட்டு வயதில் வந்த ஆஸ்துமாவும் “ஆம்” தான். ஒருமுறை விவரம் எழுதிவிட்டால் அடுத்தடுத்த தடவைகளில் “முன்பே தெரிவித்தது, மாற்றமில்லை” என்று குறிக்கலாம். 19-இல் கடந்த மூன்று வருடத்தில் பார்த்த மருத்துவர்கள். வழக்கமான பல், கண் பரிசோதனையும் எஃப்ஏஏ மெடிக்கலும் எழுத வேண்டாம். பிசியோதெரபிஸ்ட், மனநலச் சிகிச்சைக்காகப் பார்த்த உளவியலாளர் எல்லாம் எழுத வேண்டும்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு இருந்தால் இரண்டு வேலை தனித்தனியாக இருக்கிறது. 18-ஆம் கட்டத்தில் கைது, தண்டனை, உரிமப் பறிப்பு எல்லாம் சொல்ல வேண்டும். அது போக, விமானி உரிமம் உள்ளவர் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் 60 நாளுக்குள் எஃப்ஏஏ பாதுகாப்புப் பிரிவுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். முதலில் உரிமம் இடைநிறுத்தம், மாதங்கள் கழித்து நீதிமன்றத் தண்டனை என்றால் ஒரே சம்பவத்துக்கு இரண்டு கடிதம். மெடிக்கல் படிவத்தில் எழுதியதால் இந்தக் கடமை தீராது. ரத்தத்தில் ஆல்கஹால் 0.15 அல்லது அதற்கு மேல் என்றாலோ, சோதனைக்கு மறுத்திருந்தாலோ, ஏஎம்இ கையில் ஒன்றுமில்லை, ஒத்திவைத்தே ஆக வேண்டும்.

மறைக்கலாம் என்று எண்ண வேண்டாம். படிவத்தில் கையெழுத்திடும்போதே தேசிய ஓட்டுநர் பதிவேட்டைப் பார்க்கச் சம்மதம் தருகிறோம். உடல் ஊனத்துக்காக அரசு உதவித்தொகை வாங்கினால் அதற்கும் தனிக் கட்டம் உண்டு. பொய் எழுதினால் 2,50,000 டாலர் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. அதற்கும் முன் எல்லா விமானி உரிமங்களும் போகும். வியாதி உள்ளவருக்கு வழி இருக்கிறது, பொய் சொன்னவருக்கு இல்லை.

கிழக்குக்காற்று:
தைராய்டு மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் நிலை?

நீலவான்:
சாதகமான நிலைதான். ஏஎம்இ தானே அன்றே வழங்கக்கூடிய வியாதிகள் என்று எஃப்ஏஏ ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, சிஏசிஐ என்பார்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி, சிறுநீரகக் கல், கண் அழுத்தம், சர்க்கரைக்கு முந்தைய நிலை இவையெல்லாம் அதில் வந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத் தாள் இருக்கும். அதை அச்செடுத்து உங்கள் மருத்துவரிடம் கொடுத்து, தாளில் கேட்ட ஒவ்வொரு வரிக்கும் பதில் வரும்படி குறிப்பு எழுதி வாங்குங்கள். தைராய்டுக்கு டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனை முடிவு 90 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். 91-ஆம் நாள் என்றால் ஏஎம்இ வழங்க முடியாது. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்கூடத் தேதி பழசானதால் ஒத்திவைப்பில் மாட்டுவார். ரத்தப் பரிசோதனையை ஏஎம்இ நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தில் மூச்சடைப்புக்கு சிபாப் கருவி வைத்திருப்பவர்கள் கருவியின் தரவை இறக்கிக் கொண்டுபோக வேண்டும். 75 சதவீத இரவுகளாவது பயன்பாடு, சராசரி ஆறு மணி நேரம். விடுமுறைக்குக் கருவியை வீட்டில் விட்டுப் போனால் அந்த இரவுகள் கணக்கில் குறையும்.

திசைமானி:
மாரடைப்பு, ஸ்டென்ட் போன்றவை?

இரட்டைமேகம்:
நேரடியாகத் தகுதி இழக்கச் செய்யும் என்று விதியிலேயே பெயர் சொன்ன நிலைகள் 15. மாரடைப்பு, சிகிச்சை தேவைப்பட்ட இதயத் தமனி நோய், நெஞ்சு வலி, வால்வு மாற்று, இதய மாற்று, பேஸ்மேக்கர், கால்கை வலிப்பு, காரணம் தெரியாத மயக்கம், பைபோலார், மருந்து தேவைப்படும் நீரிழிவு, போதைச் சார்பு போன்றவை. இவற்றில் பலவற்றுக்குச் சிறப்பு அனுமதி கிடைக்கும். இன்சுலின் எடுப்பவர்களுக்கே 1996-இலிருந்து மூன்றாம் வகுப்பு வழி உண்டு.

இதய வழக்குகளில் தாமதம் பெரும்பாலும் உடம்பால் அல்ல, காகிதத்தால். டிரெட்மில் சோதனைக்கு மருத்துவமனை கொடுக்கும் ஒரு பக்கச் சுருக்கம் போதாது. ஒவ்வொரு கட்டத்தின் ஈசிஜி வரைபடமும் வேண்டும். வேகமும் ஏற்றமும் படிப்படியாகக் கூடும் புரூஸ் முறையில் 9 நிமிடம், 70 வயதிலிருந்து 6 நிமிடம் ஓட எதிர்பார்ப்பார்கள். வழக்கமாக மருத்துவமனைகள் இலக்கு இதயத் துடிப்பு வந்ததும் ஏழாம் நிமிடத்திலேயே நிறுத்திவிடும். நோய் கண்டறிய அவர்களுக்கு அது போதும், எஃப்ஏஏ-க்குப் போதாது. எதற்காகச் செய்கிறோம் என்று ஆரம்பிக்கும் முன் டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். ஆஞ்சியோ செய்திருந்தால் படங்கள் உள்ள குறுந்தட்டும் வேண்டும், அறிக்கை மட்டும் போதாது. எல்லாவற்றையும் ஒரே உறையில், பெயரும் பிறந்த தேதியும் கோப்பு எண்ணும் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதி அனுப்புங்கள். நான்கு தவணையாக அனுப்பினால் நான்கு முறை வரிசையில் நிற்பது போல.

ஓடுபாதை27:
பேசிக்மெட்டை விரிவாகச் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

2016-இல் சட்டம், 2017 மே 1 முதல் நடைமுறை. 2006 ஜூலை 14-க்குப் பிறகு எப்போதாவது ஒரு நாளாவது செல்லுபடியான எஃப்ஏஏ மெடிக்கல் வைத்திருக்க வேண்டும். அதனால் புதிதாகச் சேர்கிறவர் நேராகப் பேசிக்மெட்டில் நுழைய முடியாது. வாழ்நாளில் ஒருமுறை மூன்றாம் வகுப்பு வாங்கியாக வேண்டும். அந்த ஒரு முறையைச் சுத்தமாக வாங்குவதற்குத்தான் மேலே இரட்டைமேகம் சொன்ன வரிசை.

பிறகு 8700-2 என்ற பட்டியல் படிவம். விமானி பகுதியை நீங்கள் நிரப்பி, மாநில உரிமம் பெற்ற எந்த மருத்துவரிடமும் காட்டி, ஒவ்வொன்றாகப் பரிசோதித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். எம்டி அல்லது டிஓ (இரண்டும் அமெரிக்க மருத்துவர் பட்டங்கள்). நர்ஸ் பிராக்டிஷனர், பிசிஷியன் அசிஸ்டன்ட் கையெழுத்து செல்லாது. இன்று பல கிளினிக்குகளில் நோயாளியைப் பார்ப்பதே அவர்கள்தான், அதனால் நேரம் வாங்கும்போதே “டாக்டர் தானே பார்த்துக் கையெழுத்திட வேண்டும்” என்று சொல்லுங்கள். சில கிளினிக்குகள் பொறுப்புக்குப் பயந்து கையெழுத்திட மறுக்கும். அப்போது ஏஎம்இ ஒருவரிடமே பேசிக்மெட் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

பரிசோதனை முடிந்த பின்தான் ஆன்லைன் பாடம். பாடத்தின் முடிவில் மருத்துவர் பெயர், உரிம எண், பரிசோதனைத் தேதி எல்லாம் கேட்கும். கிளினிக்கை விட்டு வெளியே வரும் முன் அந்த எண் படிவத்தில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். படிவம் எஃப்ஏஏ-க்குப் போகாது, உங்கள் லாக்புத்தகத்தோடு இருக்கும், கேட்டால் காட்ட வேண்டும்.

வரம்புகள் 2024 நவம்பர் 12 முதல் விரிந்தன: 12,500 பவுண்டு வரை அனுமதிக்கப்பட்ட எடை, ஏழு பேர் வரை இருக்கை, ஆறு பயணிகள். உயரம் 18,000 அடி, வேகம் 250 நாட், கூலிக்குப் பறக்கக்கூடாது. எடை, இருக்கை இரண்டும் விமானத்தின் சான்றிதழில் உள்ள அளவு. 13,000 பவுண்டு விமானத்தைப் பாதி எரிபொருளில் ஓட்டினாலும் அது 13,000 பவுண்டு விமானம்தான். இரவுப் பறப்பு, வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறக்கும் கருவி விதிப் பறப்பு இரண்டுக்கும் தடையில்லை. எல்லை தாண்ட நினைத்தால் அந்த நாடு ஏற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பஹாமாஸ் ஏற்கிறது.

இரட்டைமேகம்:
ஒரு விதிவிலக்கு. பேசிக்மெட்டிலும் சில வியாதிகளுக்கு முதலில் ஒரே ஒரு தடவை சிறப்பு அனுமதி வாங்க வேண்டும்: மாரடைப்பு, சிகிச்சை பெற்ற இதயத் தமனி நோய், வால்வு மாற்று, இதய மாற்று, வலிப்பு, காரணம் தெரியாத மயக்கம், பைபோலார், மனச்சிதைவு வகைகள், கடந்த இரண்டு வருடத்துக்குள் போதைச் சார்பு. ஒருமுறை வாங்கிவிட்டால் அதைக் காலாவதியாக விட்டுவிட்டுப் பேசிக்மெட்டில் தொடரலாம். இன்சுலினும் பேஸ்மேக்கரும் இந்தப் பட்டியலில் இல்லை. ஏற்கெனவே மெடிக்கல் வைத்திருந்த பிறகு இன்சுலினுக்கு மாறியவருக்கு இது பெரிய ஆறுதல்.

கிழக்குக்காற்று:
சளி மருந்து, தூக்க மருந்து?

நீலவான்:
இது மூன்று வழிக்கும் பொது. சான்றிதழ் செல்லுபடியாக இருந்தாலும் அன்றைக்கு உடம்பு சரியில்லை என்றால் பறக்கக்கூடாது என்று எஃப்ஏஏ விதி 61.53 சொல்கிறது.

டைஃபென்ஹைட்ரமின் உள்ள எதுவும் எடுத்தால் 60 மணி நேரம் காத்திருக்க வேண்டும். வலி மாத்திரைப் பெயருக்குப் பின்னால் “பிஎம்” என்று இருந்தால் பெரும்பாலும் அது உள்ளே இருக்கிறது. செட்டிரிசின் கூடாது. லொராடடின், ஃபெக்ஸோஃபெனடின் மயக்கம் தராவிட்டால் சரி. மற்ற தூக்கம் தரும் மருந்துகளுக்கு லேபிளில் உள்ள இடைவெளியின் பெரிய எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். “4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை” என்றால் 30 மணி நேரம். கணக்கு கடைசி மாத்திரையிலிருந்து தொடங்கும். கஞ்சா மாநிலச் சட்டத்தில் சரி என்றாலும் எஃப்ஏஏ-க்குக் கிடையாது.

திசைமானி:
மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் மெடிக்கலுக்காக அதை நிறுத்தலாமா என்று கேட்பதைப் பார்க்கிறேன்.

இரட்டைமேகம்:
நிறுத்தவே கூடாது. 2010-இலிருந்து ஃப்ளூவாக்செடின், செர்ட்ராலின், சிட்டலோபிராம், எஸ்சிட்டலோபிராம் ஆகியவற்றுக்குச் சிறப்பு அனுமதி வழி திறந்திருக்கிறது. அளவு மாறாமல் சில மாதம் நிலையாக இருப்பதுதான் அங்கே அடிப்படை. பாதியில் நிறுத்தியவர் மறுபடி தொடங்கினால் அந்தக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். நோய் திரும்பும் ஆபத்து அதைவிடப் பெரிது. மருந்தை எழுதிய மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் குறைக்காதீர்கள். இந்த வகைக் கோப்புகளில் பழகிய, ஹிம்ஸ் பயிற்சி (போதை, மனநல வழக்குகளுக்கான தனிப் பயிற்சி) பெற்ற ஏஎம்இ ஒருவரிடம் ஆலோசனைக்குப் போங்கள். அதுவரை உறுதி எண்ணை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.